பட்டுப்புழுவின் மேல் கரும்புள்ளி ஏன்?

கேள்வி: ஐந்தாம் பருவப் பட்டுப்புழுக்களின் உடலில் கரும்புள்ளிகள் தென்படுகின்றன, சில கூடுகளிலும் துளை விழுந்திருக்கிறது. காரணம் என்ன?
– வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: இது ஊசி ஈயின் வேலை. மேற்கு வங்கத்தில் நெடுங்காலமாக இருந்துவந்த இந்த ஒட்டுண்ணி, 1980-இல் கர்நாடகத்துக்குள் புகுந்து, பின்னர் தமிழகத்தின் பட்டு வளர்ப்புப் பகுதிகளுக்கும் பரவியது. வீட்டு ஈயைவிடச் சற்றுப் பெரிதான பெண் ஈ, புழுவின் தோல்மேல் குண்டூசித் தலையளவு வெளிர்முட்டையை ஒட்டிவிட்டுப் பறந்துவிடும். இரண்டு மூன்று நாட்களில் பொரிக்கும் புழு தோலைத் துளைத்து உள்ளே இறங்கினாலும், மூச்சுக்காகத் தன் பின்முனையை அந்தத் துளையோடு பொருத்தியே வைத்திருக்கிறது. பட்டுப்புழுவின் உடல் அதை எதிர்த்துச் சுற்றிலும் கட்டும் கருந்திசுவைத்தான் நீங்கள் புள்ளியாகப் பார்க்கிறீர்கள்.

முட்டை பொரிப்பதற்குள் பட்டுப்புழு தோலுரித்துவிட்டால், முட்டையும் தோலோடு போய்விடும். ஐந்தாம் பருவமே கூடு கட்டும் முன் வரும் கடைசிப் புழுப் பருவம் என்பதால், அதில் அந்த வாய்ப்பு இல்லை. பருவத் தொடக்கத்தில் தாக்கப்பட்டவை கூடு கட்டாமலே சாகும். கடைசி நாட்களில் தாக்கப்பட்டவை கூடு கட்டினாலும், முதிர்ந்த ஈப்புழு அதைத் துளைத்து வெளியேறுவதால் இழை அறுந்து, அந்தக் கூடு நூற்புக்கு உதவாது.

வெளியேறிய புழு தரை வெடிப்புகளில் புகுந்து கூட்டுப்புழுவாகிறது. ஆகவே வெடிப்புகளை அடைத்து, கதவு சன்னல்களுக்கு வலையடியுங்கள். மருந்துகளைவிட நான் முதலில் நம்புவது வலையைத்தான். ஈயின் கூட்டுப்புழுவில் முட்டையிட்டு அதை அழிக்கும் நெசோலின்க்ஸ் தைமஸ் என்ற சிறு குளவியையும் விடலாம்.