தாடை ரப்பர் மாதிரி இருக்கிறதே, டாக்டர்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து பியர்டட் டிராகன் பற்றி இந்த முறை நிறைய கேள்விகள். ஆஸ்திரேலியாவின் உள்பகுதி வறண்ட காடுகளைச் சேர்ந்த ஓணான் வகை இது. அந்த நாடு தன் காட்டு உயிரினங்களை வளர்ப்புக்காக வெளியே விற்க விடுவதில்லை, அதனால் கடையில் நீங்கள் வாங்குவது தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த பிராணி. ஆனாலும் அதன் உடம்பு இன்னும் அந்தப் பாலைவன வெயிலைத்தான் கேட்கிறது. கீழே உள்ள கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு விஷயத்தில்தான் போய் முட்டுகின்றன.

டாக்டர், எங்கள் டிராகனுக்கு எட்டு மாதம். இரண்டு வாரமாக முன்னங்கால் நடுங்குகிறது, பின்னங்கால் வளைந்திருக்கிறது, கீழ்த்தாடையைத் தொட்டால் ரப்பர் மாதிரி அமுங்குகிறது. சூப்பர்வார்மும் (கடையில் விற்கும் தீனிப் புழு) பாலக்கீரையும் தருகிறேன். கண்ணாடித் தொட்டியை ஜன்னலோரம் வைத்திருப்பதால் வெயில் நன்றாகவே படுகிறது. எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், அதனால் எலும்பு வளைந்திருக்குமா? (கல்லூரி மாணவர், பென்னாகரம்)

உங்கள் சந்தேகம் நியாயமானதுதான், தம்பி. ஃபுளோரைடால் பல் கறையாகி, எலும்பு வளைந்த மனிதர்களைப் பார்த்து வளர்ந்த மாவட்டம் அது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. ஆனால் இங்கே முதல் குற்றவாளி தண்ணீர் இல்லை. நீங்கள் சொல்லும் நடுக்கம், வளைவு, அமுங்கும் தாடை மூன்றும் சேர்ந்தால் அது சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வரும் எலும்பு நோய். வீட்டில் வளரும் பல்லி வகைகளுக்கு நான் அதிகம் பார்க்கும் நோயும் இதுதான்.

அது எப்படி வருகிறது என்று புரிந்தால்தான் வைத்தியமும் புரியும். வெயிலில் உள்ள யூவிபி என்ற புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் இந்தப் பிராணி வைட்டமின் டி3 தயாரிக்கும், டி3 இருந்தால்தான் குடல் கால்சியத்தை உள்ளே எடுக்கும். ஜன்னல் கண்ணாடியும் தொட்டிக் கண்ணாடியும் வெளிச்சத்தையும் சூட்டையும் விடும், யூவிபி-யை மட்டும் ஏறக்குறைய முழுதாக நிறுத்திவிடும். அதாவது எட்டு மாதமாக உங்கள் டிராகன் வெயிலைப் பார்த்துக்கொண்டே வெயில் இல்லாமல் இருந்திருக்கிறது. இது போதாதென்று சூப்பர்வார்மில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் கம்மி, பாலக்கீரையில் உள்ள ஆக்ஸலேட் இருக்கிற கால்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும். ரத்தத்தில் கால்சியம் குறைந்ததும் உடம்பு எலும்பிலிருந்து உருவ ஆரம்பிக்கிறது. எலும்பு கரைந்த இடத்தில் நார்த்திசு வந்து நிரம்புவதால் கால் வீங்கிக் கொழுகொழுவென்று தெரியும், பார்ப்பவர்கள் நன்றாகத் தேறிவிட்டது என்றே நினைப்பார்கள்!

நடுக்கம் வந்துவிட்டதால் தள்ளிப்போடாதீர்கள். ரத்தத்தில் கால்சியம் மிகவும் இறங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம், வலிப்பு வரைக்கும் போகும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போன் செய்து, ஊர்வன பார்ப்பவர் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். துணி விரித்த, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் கொண்டு போனால் போதும். காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், இந்த நிலையில் எலும்பு சும்மா பிடித்தாலே முறியும். கூண்டுக்குள் ஏறுகிற குச்சி, கல் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் கால்சியம் மருந்தின் அளவைச் சொல்வார். குழந்தைகளுக்கான கால்சியம் டானிக்கை நீங்களாக ஊற்ற வேண்டாம், அதில் உள்ள வைட்டமின் டி அளவு மீறினால் சிறுநீரகம் கெட்டுவிடும்.

அப்புறம், காசு செலவில்லாத மருந்து உங்கள் மொட்டை மாடியிலேயே இருக்கிறது. கம்பிக் கூண்டில் (கண்ணாடித் தொட்டியில் அல்ல, அது வெயிலில் அடுப்பாகிவிடும்) பாதி நிழல் வைத்து, காலை எட்டரை மணி வாக்கில் அரை மணி நேரம் வெளியே வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள், காக்காய்க்கும் பூனைக்கும் ஒரு நொடி போதும். வீட்டுக்குள் ஊர்வனவற்றுக்கான யூவிபி குழல்விளக்கு கட்டாயம் வேண்டும். அது எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துபோகும், ஆகவே வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். வெயில் காயும் இடம் 38 முதல் 42 டிகிரி, மறுமூலை 25, 28 டிகிரி என்று இருக்கட்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் அந்தக் குளிர்ந்த மூலையே இல்லாமல் போய்விடும், அப்போது பகலில் சூடு தரும் பல்பை அணைத்துவிடுங்கள்.

தீனி விஷயத்தில் உங்கள் மாவட்டத்துக்கு அதிர்ஷ்டம். பட்டு வளர்ப்பு நடக்கிற ஊர், மல்பெரி இலைக்கும் பட்டுப்புழுவுக்கும் பஞ்சமில்லை. பட்டுப்புழு மென்மையானது, கொழுப்பு குறைவு, சூப்பர்வார்மைவிட எவ்வளவோ மேல். பூச்சிமருந்து அடிக்காத தோட்டமா, நோய் தாக்காத புழுவா என்று வளர்ப்பவரிடமே கேட்டு வாங்குங்கள். புழு டிராகனின் இரண்டு கண்ணுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. மேலே பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் பொடி தூவுங்கள். வளைந்த கால் முழுசாக நேராவது சந்தேகம்தான். ஆனால் எலும்பு திரும்ப இறுகும், ஓடும், சாப்பிடும், பல வருடம் வாழும். தண்ணீருக்கு ஒகேனக்கல் தண்ணீரையே கொடுத்துவிடுங்கள், நீங்களும் அதையே குடியுங்கள்.

டிசம்பர் குளிருக்கு ஒரு ஹீட் ராக் (மின்சாரத்தில் சூடாகும் கல்) வாங்கி வைத்தோம். இப்போது எங்கள் டிராகனின் வயிறு பழுப்பாகித் தோல் உரிகிறது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவி வருகிறேன். சரிதானே? (இல்லத்தரசி, ஓசூர்)

வேண்டாம் அம்மா, இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். எண்ணெய் சூட்டையும் அழுக்கையும் புண்ணோடு பிடித்து வைக்கும். மஞ்சள் புண்ணின் நிறத்தை மறைத்துவிடும், மருத்துவருக்குத் தெரிய வேண்டியதே அந்த நிறம்தான். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், இரவுக் குளிர் உண்மைதான். ஆனால் அறை குளிர்ந்து கல் மட்டும் கொதிக்கும்போது, வயிறு வேகிறது என்று தெரியாமலே பிராணி அதன்மேல் படுத்துக் கிடக்கும். அந்தக் கல்லைத் தூக்கிப் போடுங்கள், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம்.

தரையில் வெறும் வெள்ளைத் தாளை விரித்து, நனைந்தால் உடனே மாற்றுங்கள். போவிடோன் அயோடினை வெளிர் டீ நிறத்துக்குத் தண்ணீரில் கலந்து மெல்ல ஒற்றிக் கழுவலாம். தீப்புண் எவ்வளவு ஆழம் என்பது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியவரும், அதனால் இன்று சின்னதாகத் தெரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். பெங்களூரு உங்களுக்குப் பக்கம், அங்கே ஊர்வன பார்க்கிற மருத்துவர்கள் இருக்கிறார்கள், தீப்புண்ணுக்கான களிம்பும் வலி மருந்தும் அவர்களே தரட்டும். வீட்டில் இருக்கிற பாராசிட்டமால் வேண்டவே வேண்டாம். குளிருக்கு, வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரைப் பிராணிக்கு எட்டாத உயரத்தில், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு மாட்டுங்கள். நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் பெரிய டிராகன் இரவில் 18, 20 டிகிரியைத் தாங்கிக்கொள்ளும்.

இரண்டு டிராகனை ஒரே தொட்டியில் வைத்திருந்தேன். பெரியது சின்னதின் வால் நுனியைக் கடித்துவிட்டது. பல்லிக்கு மாதிரி வால் திரும்ப முளைக்குமா? (ஊத்தங்கரை)

முளைக்காது. இதற்கு வால் போனால் போனதுதான். இன்றே தனித்தனியாகப் பிரியுங்கள், பிறகு சேர்க்கவே வேண்டாம், இவை கூட்டமாக வாழும் இனம் இல்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுப்பதைப் பாசம் என்று நினைக்கிறார்கள், அது சூடான இடத்துக்கான போட்டி. காயம் காய்ந்து அப்படியே நின்றால் பிரச்சினை இல்லை. கறுப்பு நிறம் மேலே மேலே ஏறினால் வால் அழுகுகிறது, கெட்ட பகுதியை அறுவை செய்து எடுத்தால்தான் உயிர் தப்பும். உரிந்த தோல் வளையமாக வாலையோ விரலையோ இறுக்கிக்கொண்டாலும் இதே கதிதான். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து விடுவியுங்கள், பிய்த்து இழுக்காதீர்கள்.

ஆற்று மணல் பரப்பி வைத்திருக்கிறேன். பத்து நாளாகக் கழிவு போகவில்லை. விளக்கெண்ணெய் கொடுக்கலாமா? (காவேரிப்பட்டணம்)

கூடாது. தீனியோடு மணலையும் விழுங்கிக் குடல் அடைத்திருக்கலாம். நெஞ்சு அளவுக்கு மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் நிற்க வைத்து, வயிற்றை லேசாக நீவிவிடுங்கள். கூண்டில் சூடு குறைவாக இருந்தாலும் செரிக்காது, தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டு நாளில் அசையவில்லை என்றாலோ, பின்னங்காலை இழுத்து நடந்தாலோ, எக்ஸ்ரேதான். மணலை மொத்தமாக அள்ளிவிட்டுத் தாளோ டைல்ஸோ போடுங்கள்.

எங்கள் பெண் டிராகன் நான்கு நாளாகச் சாப்பிடாமல் மூலையைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது, வயிறு உப்பியிருக்கிறது. ஆண் துணையே கிடையாது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும் இருக்கிறாள், அவளுக்கு ஏதாவது ஒட்டுமா? (தர்மபுரி நகரம்)

ஆண் இல்லாமலே கோழி முட்டையிடுகிறதே, அதே கதைதான். கருவில்லாத முட்டை. தோண்ட இடம் இல்லாததால்தான் பிறாண்டுகிறது. பெரிய பிளாஸ்டிக் டப்பில் ஒரு அடி ஆழத்துக்கு, கையில் பிடித்தால் உதிராத ஈர மண் போட்டு அதை உள்ளே விட்டு, துணி மூடித் தனியாக விடுங்கள், யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம். 20, 25 முட்டைகூட இடும். இட்டதும் வயிறு ஒட்டிப்போகும், தண்ணீரும் கால்சியமும் கொடுத்துத் தேற்றுங்கள். தோண்டுவதை நிறுத்திவிட்டு, முட்டையும் இடாமல், கண் உள்வாங்கிச் சோர்ந்து படுத்தால் முட்டை உள்ளே சிக்கிக்கொண்டது என்று பொருள், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், மறுநாள் வரை தாங்காது.

குழந்தை விஷயம்: எவ்வளவு ஆரோக்கியமான டிராகனின் கழிவிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது கடுமையான வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். அவள் தொட வேண்டாம், தூரத்திலிருந்து பார்க்கட்டும். தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே அவளைத் தூக்குங்கள். கூண்டுச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், அதற்குத் தனி பக்கெட் வைத்துக்கொள்ளுங்கள்.