ஐ3-2100 இருக்கும் எச்61 போர்டில் ஐ5-4570 பொருந்துமா?

வணக்கம் நண்பரே. கணினி ஆன் ஆகவே நேரமாகிறது என்று சொல்லி, உங்கள் எச்61 மதர்போர்டில் இருக்கும் பழைய ஐ3-2100 பிராசஸரைக் கழற்றிவிட்டு, கடையில் சொன்ன செகண்ட் ஹேண்ட் ஐ5-4570ஐப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வாங்கிவிடாதீர்கள். அது 1150 சாக்கெட்டுக்கு (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) உரியது. உங்கள் எச்61 போர்டில் இருப்பது 1155. உட்காரவே உட்காராது.

உங்களுக்குச் சரியானது ஐ5-3470. நான்கு கோர், 77 வாட். ஆனால் இது அடுத்த தலைமுறை என்பதால், 2011இல் வந்த பல எச்61 போர்டுகளின் பயாஸுக்கு (கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) இதைத் தெரியாது. போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலின் பிராசஸர் பட்டியலைப் பாருங்கள். எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று அதிலேயே இருக்கும். பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். மாற்றிய பிறகு திரையே வராமல் போகலாம். அப்டேட் கிடைக்கவில்லையா? ஐ5-2400 போடுங்கள், அது உங்கள் ஐ3 தலைமுறைதான். 95 வாட் என்பதால் சூடு அதிகம், கூலர் மட்டும் கொஞ்சம் நல்லதாக இருக்கட்டும்.

மாற்றும்போது கவனம், பின்கள் பிராசஸரில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு. முக்கோணக் குறியைப் பார்த்து மெதுவாக வையுங்கள், அழுத்த வேண்டாம். பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் இருக்கும் பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதிது போதும்.

அப்புறம், இன்னும் ஹார்ட் டிஸ்க்கில்தான் விண்டோஸ் ஓடுகிறது என்றால் முதல் செலவு அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டிக்குத்தான். ஆன் ஆகவே நேரமாகிறது என்ற உங்கள் குறை அதில்தான் தீரும்.