100 சதவீத உதவித்தொகையைக் குறைக்கப் போவதாகக் கடிதம் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: நான் டெக்சாஸில் வசிக்கிறேன். என் கணவர் அமெரிக்கர். மாமனார் 1969-இல் வியட்நாமில் ராணுவப் பணியில் இருந்தவர். ப்ராஸ்டேட் புற்றுநோய்க்காக அவருக்கு 100 சதவீத உடல்பாதிப்பு உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. போன வருடம் ஆபரேஷன் முடிந்தது. இப்போது 20 சதவீதமாகக் குறைக்கப் போவதாக அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. மாமனாரோ, "நோய்தான் போய்விட்டதே, விடுங்கள்" என்கிறார். மேல்முறையீடு செய்தால் பலன் உண்டா? தாய்லாந்தில் விமானப்படையில் இருந்த அவருடைய நண்பருக்கும் இதே நோய். அவர் 2010-இல் விண்ணப்பித்தபோது மறுத்துவிட்டார்களாம். அவர் மறுபடி கேட்கலாமா?

பதில்: முதலில் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். "குறைக்கப் போகிறோம்" என்று சொல்லும் கடிதம் முன்மொழிவுதான், முடிவு அல்ல. முடிவே வராதபோது மேல்முறையீடு செய்ய ஒன்றும் இல்லை. பலர் இந்தக் கட்டத்திலேயே மேல்முறையீட்டுப் படிவத்தை அவசரமாக நிரப்பி அனுப்பிவிட்டு, இப்போது செய்ய வேண்டிய இரண்டு வேலைகளைத் தவறவிடுகிறார்கள். ஒன்று, நம் தரப்பை எடுத்துச் சொல்ல 30 நாளுக்குள் விசாரணை கேட்பது. இன்னொன்று, 60 நாளுக்குள் ஆதாரங்களை அனுப்புவது. 30 நாளுக்குள் விசாரணை கேட்டுவிட்டால், இறுதி முடிவு வரும்வரை பழைய தொகையே வந்துகொண்டிருக்கும். 2025 விகிதப்படி, மனைவி பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்காமல், 100 சதவீதத்துக்கு மாதம் சுமார் 3,831 டாலர். 20 சதவீதத்துக்குச் சுமார் 347 டாலர்தான். சில மாதங்கள் தள்ளிப்போனாலே குடும்பத்துக்கு அது பெரிய தொகை.

மாமனாரிடம் ஒன்றை நிதானமாகச் சொல்லுங்கள். போர்ப்பணியால் வந்த நோய் என்ற அங்கீகாரத்தில் யாரும் கை வைக்கவில்லை. ஏஜென்ட் ஆரஞ்ச் என்பது வியட்நாம் போரில் அமெரிக்கப் படை காட்டை அழிக்கத் தெளித்த களைக்கொல்லி. 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரை வியட்நாமில் பணியாற்றியவருக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் வந்தால், அது அந்தக் களைக்கொல்லியால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்பது 1996 முதல் விதி. அவர் எதையும் புதிதாக நிரூபிக்க வேண்டாம். இப்போதைய கேள்வி, இன்று அவர் உடல்பாதிப்பு எத்தனை சதவீதம் என்பது மட்டுமே.

புற்றுநோய் உடம்பில் இருக்கும்வரை, சிகிச்சை நடக்கும்வரை 100 சதவீதம். சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்து முன்னாள் படைவீரர் துறை, அதாவது வி.ஏ., கட்டாயப் பரிசோதனை நடத்த வேண்டும். நோய் திரும்பவில்லை, பரவவில்லை என்றால், சிகிச்சை விட்டுச்சென்ற பாதிப்புகளுக்கு மட்டும் சதவீதம் போடுவார்கள்.

ஆகவே முதல் கேள்வி, சிகிச்சை உண்மையிலேயே முடிந்துவிட்டதா? ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு கொடுத்தார்களா? ஹார்மோன் ஊசி இன்னும் போடுகிறார்களா? போடுகிறார்கள் என்றால், அது புற்றுநோய்க்கான சிகிச்சைதான், வெறும் முன்னெச்சரிக்கை இல்லை என்று சிறுநீர்ப்பாதை மருத்துவரிடம் (யூராலஜிஸ்ட்) இரண்டு வரி எழுதி வாங்குங்கள். அந்தக் கடிதம் இருந்தால் ஆறு மாதக் கணக்கே இன்னும் தொடங்கவில்லை என்று வாதாடலாம். இந்த நோயைக் கண்காணிக்கும் ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. அளவையும் பாருங்கள். சுரப்பியையே எடுத்த பிறகு அது அநேகமாகப் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். 0.2-ஐத் தொட்டு, அடுத்த முறையும் அப்படியே வந்தால் நோய் திரும்பியதாக மருத்துவர்கள் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் 20 சதவீதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நோய் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். இந்த வழக்குகள் பெரும்பாலும் தோற்பது இதற்கடுத்த கட்டத்தில்தான். ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் கசிவது மிகச் சாதாரணம். விதி இதை உள்ளாடையில் வைக்கும் பேட் கணக்கில் அளக்கிறது. ஒரு நாளில் இரண்டு முறைக்குக் குறைவாக மாற்றினால் 20 சதவீதம். இரண்டு முதல் நான்கு முறை என்றால் 40. நான்குக்கு மேல் போனால், அல்லது சிறுநீரைச் சேகரிக்கும் சாதனம் வைத்திருந்தால் 60. கசிவு குறைவாக இருந்து அடிக்கடி போக வேண்டியிருந்தால் அதற்குத் தனி அளவு உண்டு: இரவில் மூன்று நான்கு முறை எழுந்தால் 20, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 40. இவை எல்லாவற்றையும் கூட்ட மாட்டார்கள். எது மேலோங்கி இருக்கிறதோ அதற்குத்தான் மதிப்பீடு.

பரிசோதனை செய்யும் மருத்துவர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பார். எழுபதைத் தாண்டிய முன்னாள் ராணுவ வீரர் "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்பார். அது அப்படியே படிவத்தில் ஏறும். நான்கு பேட் மாற்றுகிறவர் வெட்கத்தால் ஒன்று என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதும் உண்டு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தன் உள்ளாடையைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் கோப்பில் இல்லாததை எந்த அதிகாரியாலும் மதிப்பிட முடியாது. உங்கள் கடிதத்தில் உள்ள 20 சதவீதம் இப்படி வந்ததாகவும் இருக்கலாம். அந்தப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

இன்றே ஒரு நோட்டு எடுத்து வையுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு, எத்தனை பேட் மாற்றினார், இரவில் எத்தனை முறை எழுந்தார் என்று அவரே எழுதட்டும். பேட் வாங்கிய ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். உங்கள் மாமியார் தாம் பார்த்ததைத் தம் சொந்த வார்த்தையில் 21-10210 என்ற படிவத்தில் எழுதலாம். மெத்தை நனைந்தது, வெளியூர்ப் பயணத்தை நிறுத்தியது, சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார ஆரம்பித்தது எல்லாம் சாட்சியம்தான். கூட்டிச் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம்.

மருமகளாக உங்களால் கேட்க முடியாத ஒன்றை உங்கள் கணவர் கேட்கட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு ஆண்மைக் குறைவு ஏற்பட்டிருந்தால், அதற்குத் தனித் தொகை உண்டு, 2025 விகிதப்படி மாதம் சுமார் 136 டாலர். சதவீதம் எவ்வளவு ஆனாலும் இது தனியாக வரும். கதிர்வீச்சால் மலம் அடங்காமை, நோயை ஒட்டி வந்த மனச்சோர்வு ஆகியவற்றுக்கும் தனி மதிப்பீடு கேட்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் குறைத்துவிட்டால், அந்த இறுதி முடிவின் தேதியிலிருந்து ஒரு வருடம் இருக்கிறது. 2019 பிப்ரவரி முதல் மூன்று வழிகள். புதிய ஆதாரம் இருந்தால் துணைக் கோரிக்கை, படிவம் 20-0995. ஆதாரம் எல்லாம் ஏற்கெனவே கோப்பில் இருந்தும் அதிகாரி கவனிக்காமல் விட்டிருந்தால் மேல்நிலை மறுபரிசீலனை, படிவம் 20-0996. அதில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. மூன்றாவது, மேல்முறையீட்டு வாரியத்தின் நீதிபதியிடம் போவது, படிவம் 10182. இது பொதுவாக நீண்ட காத்திருப்பு. பரிசோதனை சரியில்லை என்பதுதான் உங்கள் குறை என்றால், என் யோசனை துணைக் கோரிக்கைதான். பேட் கணக்கும் சொந்த மருத்துவரின் அறிக்கையும் அங்கேதான் எடுபடும். ஒரு வருடத்துக்குள் போட்டால், ஜெயிக்கும்போது குறைத்த நாளிலிருந்தே பாக்கி கிடைக்க வழி இருக்கும்.

தனியாகச் செய்ய வேண்டாம். அமெரிக்கன் லீஜியன், டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ. போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாகவே செய்து தருகிறார்கள். உங்கள் கவுன்ட்டியிலும் படைவீரர் சேவை அலுவலர் இருப்பார். "கூடுதல் சதவீதம் வாங்கித் தருகிறோம், அதில் பங்கு கொடுங்கள்" என்று அங்கீகாரம் இல்லாத கம்பெனிகள் போன் செய்தால் வைத்துவிடுங்கள்.

அப்புறம், மாமனாரின் நண்பர். அவர் கட்டாயம் மறுபடி கேட்க வேண்டும். முன்பு தாய்லாந்தில் இருந்தவர்கள், களைக்கொல்லி தெளித்த தளத்தின் சுற்றுவேலியை ஒட்டி வேலை பார்த்ததைக் காட்ட வேண்டியிருந்தது. சமையலறையிலோ அலுவலகத்திலோ இருந்தவர்கள் அதனாலேயே தோற்றார்கள். 2022 ஆகஸ்டில் வந்த பாக்ட் சட்டம் அதை மாற்றிவிட்டது. 1962 ஜனவரி 9 முதல் 1976 ஜூன் 30 வரை தாய்லாந்தில் எந்த அமெரிக்க அல்லது தாய்லாந்து ராணுவத் தளத்தில் இருந்திருந்தாலும் போதும், என்ன வேலை என்பது பொருட்டல்ல. அவரும் துணைக் கோரிக்கையாகவே போட வேண்டும். பணிவிலகல் சான்றான டி.டி. 214-இல் தாய்லாந்து என்ற பெயர் பல சமயம் இருக்காது. இல்லையென்றால் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் முழுப் பணிக் கோப்பையும் கேட்கச் சொல்லுங்கள். 1973-இல் அங்கே நடந்த தீவிபத்தில் எரிந்த விமானப்படைக் கோப்புகள் 1964-க்கு முன் விலகியவர்களுடையவை, ஆகவே அவர் அதற்குப் பிறகு விலகியவர் என்றால் அவருடைய கோப்பு பத்திரமாக இருக்க வேண்டும். ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகளில் உடோர்ன், கோரத், உதபாவ் என்று தளத்தின் பெயர் இருக்கிறதா என்று அவர் தேட வேண்டும்.