யூரினில் சர்க்கரை நாலு பிளஸ்: மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: வயது 56. சர்க்கரைக்கு மூன்று மாதமாக டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறேன். வெறும் வயிற்றில் 118தான். ஆனால் யூரின் டெஸ்டில் சர்க்கரை நாலு பிளஸ். கிட்னி கெட்டுவிட்டதா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். அந்த நாலு பிளஸ் மாத்திரை செய்யும் வேலை. நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று லேபுக்குத் தெரியாது. தடித்த எழுத்தில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள், வாங்கியவருக்குத் தூக்கம் போகிறது.

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதோடு ஏறக்குறைய 180 கிராம் சர்க்கரையும் இறங்கிவிடும். அவ்வளவையும் வெளியே விட்டால் உடம்பு தாங்குமா? அதனால் வடிகட்டிய நீர் ஓடும் நுண்குழாயின் முதல் பகுதியிலேயே சர்க்கரை திரும்ப உறிஞ்சப்படுகிறது. ஆனால் அது தனியாக உள்ளே போகாது; உப்பிலுள்ள சோடியத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போகும். இரண்டையும் சேர்த்து ஏற்றுகிற புரதம் எஸ்ஜிஎல்டி2. சுமார் 90 சதவீதம் இதன் வழியே திரும்புகிறது, மிச்சத்தைச் சற்றுத் தள்ளியிருக்கும் எஸ்ஜிஎல்டி1 பார்த்துக்கொள்ளும். இவை போகிற பக்கமே தண்ணீரும் போகும்.

உங்கள் மாத்திரை எஸ்ஜிஎல்டி2-ஐ அடைக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு நாளொன்றுக்கு 70 கிராம் அளவுக்குச் சர்க்கரை சிறுநீரோடு போய்விடும். கொஞ்சம் உப்பும் தண்ணீரும் கூடவே போவதால் அடிக்கடி சிறுநீர் வரும், ரத்த அழுத்தமும் சற்று இறங்கும். இந்த மாத்திரை சாப்பிடாதவருக்கு இதே ரிப்போர்ட் வந்தால் கதை வேறு: ரத்தச் சர்க்கரை 180-ஐத் தாண்டியிருக்கலாம் என்று சந்தேகிப்போம்.

கிட்னி கெட்டிருக்கிறதா என்பதை ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவும், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவும்தான் சொல்லும். சொல்லப்போனால், நாள்பட்ட சிறுநீரக நோய்க்கே இந்த மாத்திரையைக் கொடுக்கிறோம்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். பிறப்புறுப்பில் அரிப்பு வந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், பெரும்பாலும் பூஞ்சைத் தொற்றுதான், சரியாகிவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து சாப்பாடு இறங்காத நாளில் மட்டும் மாத்திரையைத் தள்ளிவைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறக்கூடும். குளுக்கோமீட்டரில் 150 காட்டும்போதே அது நடக்கலாம், அதுதான் ஆபத்து. அப்புறம், ஏதாவது ஆபரேஷன் என்றால் வழக்கமாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். பல் டாக்டரானாலும் சர்ஜன் ஆனாலும் மாத்திரையின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.