14 கோரா, 6 கோரா? கடையில் காட்டும் வரைபடத்தை நம்பி வாங்கலாமா

தெஹிவளையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறார், புதிதாக ஒரு டெஸ்க்டாப் கணினி கட்ட வேண்டும். அதற்கு எந்த ப்ராசஸர், அதாவது கணினியின் மூளையான சிப், எடுப்பது? அந்தச் சிப்புக்குள் வேலை செய்யும் பகுதிகளைத்தான் கோர் என்கிறார்கள். பம்பலப்பிட்டியில் ஒரு கடையில், "இன்டெலின் கோர் அல்ட்ரா 5 245கே எடுங்கள், 14 கோர் இருக்கிறது, ஏஎம்டியின் ரைசன் 5 9600எக்ஸுக்கு 6 கோர்தான்" என்றார்களாம். பக்கத்துக் கடையில், கேம் வேகத்தைக் கோடுகளால் ஒப்பிடும் ஒரு வரைபடத்தைக் காட்டி, ரைசன்தான் வேகம் என்றார்களாம். யாரை நம்புவது? மகன் கேமும் விளையாடுவார். திரையில் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்ட், ஆர்டிஎக்ஸ் 4060, ஏற்கெனவே கையில் இருக்கிறது.

இரண்டு கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மகன் என்ன வேலை செய்யப் போகிறார் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 9600எக்ஸ் போதும், அதையே எடுங்கள்.

245கேயின் 14 கோரும் ஒரே அளவானவை அல்ல. 6 பெரியவை, 8 சிறியவை. ஒரு கொத்துரொட்டிக் கடையில் ஆறு பேர் கல்லில் நிற்கிறார்கள், எட்டுப் பேர் வெங்காயம் வெட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலியாண வீட்டு ஓடர் வந்தால் பதினான்கு பேரும் பயன்படுவார்கள். ஒரேயொரு கொத்துக்கு ஆள் காத்து நின்றால், கல்லில் நிற்பவரின் கை வேகம் மட்டும்தான் கணக்கு. 9600எக்ஸின் ஆறும் பெரிய கோர்கள். ஒவ்வொன்றும் இரண்டு வேலையைச் சேர்த்துப் பிடிக்கும், ஆக 12 த்ரெட். இன்டெல் இந்தத் தலைமுறையில் அந்த வசதியை எடுத்துவிட்டது. அதனால் 14 கோருக்கு 14 த்ரெட்தான்.

முப்பரிமாணப் படத்தை ரெண்டர் செய்வது, அதாவது கணக்கிட்டு முழுப் படமாக ஆக்குவது போன்ற கூட்டு வேலையில் 245கே தெளிவாக முந்தும், அதை மறுக்க முடியாது. ஆனால் ஆட்டோகேட் என்ற பொறியியல் மென்பொருளில் வரைவது பெரும்பாலும் ஒரு கோரின் வேகத்தில் ஓடும் வேலை. கேமும் சில வேகமான கோர்களைத்தான் கேட்கும். அங்கே 9600எக்ஸ் சமமாகவோ சற்று முன்னாலோ நிற்கும். இன்னொன்று, 9600எக்ஸ் 65 வாட் சிப். 245கே 125 வாட், முழு வேகத்தில் 159 வாட் வரை இழுக்கும். ஏசி இல்லாத கொழும்பு அறையில், ஏப்ரல் மாதத்தில், அந்தச் சூடு முழுவதும் உங்கள் மகன் பக்கத்தில்தான் இருக்கும்.

இப்போது அந்த வரைபடம். கேம் சோதனை செய்கிறவர்கள் ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற மிகப் பெரிய கார்டைப் போட்டு, திரையின் தெளிவை 1080பிக்கு இறக்கித்தான் ஓடவிடுவார்கள். கார்ட் தடையாக இல்லாவிட்டால்தானே ப்ராசஸர்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம் தெரியும்? சோதனைக்கு அது சரியான முறைதான். உங்கள் வீட்டில் இருப்பது 4060. பெரும்பாலான கேம்களில் அது முதலில் மூச்சு வாங்கிவிடும், அதற்குப் பின்னால் எந்த ப்ராசஸர் இருந்தாலும் பெரிய மாற்றம் தெரியாது. கோடுகள் பூச்சியத்தில் தொடங்குகின்றனவா என்றும் பாருங்கள். 98க்கும் 103க்கும் உள்ள இடைவெளியை 95இலிருந்து வரைந்தால், ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உயரமாகத் தெரியும். அப்புறம், திகதி. 9600எக்ஸ் 2024 ஆகஸ்டில் வந்தது, 245கே அதே வருடம் ஒக்டோபரில் வந்தது. இரண்டுக்குமே பிறகு விண்டோஸ் திருத்தங்களும், பயோஸ் எனப்படும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளுக்குத் திருத்தங்களும் வந்து வேகம் மாறியது. வெளியான வாரத்து வரைபடத்தை இன்றைக்கும் காட்டி விற்கிறார்கள் என்றால், அது பழைய கதை.

இதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. உங்களுக்கு "தெரிந்த பையன்" ஒருவர் கொட்டேஷன் கொண்டு வருவார். அதில் "ரைசன் 5" என்று மட்டும் எழுதியிருக்கும். தயவுசெய்து அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். 5500, 5600, 8400எஃப், 8500ஜி, 7600, 9600எக்ஸ் எல்லாமே ரைசன் 5தான். 5500ஐயும் 5600ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணில் நூறுதான் வித்தியாசம், ஆனால் எல்3 கேஷ் என்று சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம் 5500இல் 16 எம்பி, 5600இல் 32 எம்பி. கேமில் அது நன்றாகவே தெரியும். இன்டெல் பக்கம் "ஐ7" என்ற ஒரு சொல்லை வைத்துப் பத்து வருடத்துப் பழைய சிப்பையும் விற்றுவிடுகிறார்கள். இப்படிக் குழப்பமாகப் பெயர் வைப்பது இரண்டு கம்பெனியும் செய்கிற அநியாயம். அதில் ஏமாறுவது எப்போதும் சம்பளப் பணத்தைச் சேர்த்து வைத்து வாங்குகிறவர்தான்.

அடுத்தது ட்ரே சிப். பெட்டி இல்லாமல், ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் வருவது. கணினி கட்டும் கம்பெனிகளுக்கு மொத்தமாகக் கொடுக்கப்படும் சரக்கு அது. பெட்டியோடு வாங்கினால் இன்டெலும் ஏஎம்டியும் பொதுவாக மூன்று வருட உத்தரவாதம் தருகின்றன. ட்ரே சிப்புக்கு விற்றவர்தான் பொறுப்பு. என் அண்ணன் மகனுக்குப் பெட்டிச் சிப் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள், கட்டி முடித்த கணினியைத்தான் கையில் கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் பிரச்சினை வந்தபோது, பெட்டி எங்கே என்று அவனிடமே கேட்டார்கள். நாங்கள் மூன்று முறை ஏறி இறங்கியும் ஒன்றும் நடக்கவில்லை. அதனால் உங்கள் கண் முன்னே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள், வெறும் பெட்டியை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

"பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்பார்கள். 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம், யாருக்கும் ஆசை வரும்தான். மாணவர் படிக்க வாங்கும் கணினிக்கும் இந்த அளவு வரி போட்டுவிட்டு, மக்கள் பில்லோடு வாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் பில் எடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போக வேண்டி வந்தால், கையில் காட்ட அது வேண்டும்.

என் பதில் மாறும் இடம் ஒன்று உண்டு. உங்கள் மகன் பக்க வருமானத்துக்குக் கலியாண வீடியோ எடிட் செய்கிறாரா? அதுவும் எல்லா வீடியோவும் அல்ல. புதிய சோனி கெமராக்கள் சிலவற்றில் 4:2:2, 10 பிட், எச்.265 என்று ஒரு பதிவு முறை இருக்கிறது. நிறத்தை அதிகமாகச் சேமிக்கும் முறை அது. அந்தக் கோப்பைத் திறந்து ஓடவிடும் வேலையை இன்டெல் சிப்புக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதி தனியாகச் செய்து கொடுக்கும். ரைசன் 9600எக்ஸுக்குள் இருப்பது அதைச் செய்யாது, உங்களிடம் உள்ள 4060உம் செய்யாது. ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் 2025இல் வந்த 50 வரிசைதான் செய்யும். அப்படியானால் பிரிமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் வீடியோ இழுபடாமல் ஓட 245கே பொருத்தம். 245கேஎஃப் அல்ல, கவனம். அந்த "எஃப்" இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் பகுதியே இல்லை, நீங்கள் எதற்காகப் பணம் கொடுத்தீர்களோ அதுவே இல்லாமல் போய்விடும். போனில் எடுத்த வீடியோவோ சாதாரண 4:2:0 பதிவோ என்றால் இந்தப் பந்தி உங்களுக்குத் தேவையில்லை, 9600எக்ஸே போதும்.

மதர்போர்டைப் பற்றி ஒரு சொல். 9600எக்ஸ் உட்காரும் ஏஎம்5 சொக்கெட்டுக்கு 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரவு தருவதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. படிப்பு முடிந்த பிறகு சிப்பை மட்டும் மாற்றலாம்.

இரண்டு சிப்புக்குமே பெட்டிக்குள் கூலர் வராது, அதைத் தனியாக வாங்க வேண்டும். ரேமை ஒரே குச்சியாக எடுக்காமல் 16 ஜிபி குச்சி இரண்டாக எடுங்கள், பெயர் தெரியாத பவர் சப்ளையைத் தலையில் கட்ட விடாதீர்கள். பில்லில் "ரைசன் 5 9600எக்ஸ், பெட்டியுடன்" என்று முழுதாக எழுதச் சொல்லி, சிப்பின் தொடர் இலக்கத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். எழுத மாட்டோம் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.