தலைக்கட்டு வரி

அண்ணா, வணக்கம்ங்க. சொந்த ஊர் காங்கேயம் பக்கம், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து பங்காளிகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த வருஷம் மாரியம்மன் பொங்கலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வாங்க வந்தவர்கள் எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போய்விட்டார்கள். அம்மா அழுதுவிட்டார். தினமும் காலையில் போனில் தினதியானம் படிக்கிறேன், ‘தீர்க்கதரிசி ஒருவனும் தன் ஊரிலே அங்கீகரிக்கப்படமாட்டான்’ என்ற வசனம்தான் ஆறுதல். காலின் தூசியை உதறிவிட்டு வந்துவிடலாமா? சபையில் குடும்பமாகத்தான் இருக்கிறோம். காலனிக்காரர்கள் மட்டும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கடைசிப் பந்தியில் தனியாக உட்காருவார்கள், அது அவர்களுக்கே பழகிவிட்டது.
– பெயர் வேண்டாம்

தம்பி,

வரி வாங்காதது சின்ன விஷயம் இல்லை. வெளியூர்க்காரர்கள் காசு மிச்சம்தானே என்பார்கள், ஆனால் ஊர்க் கணக்கில் பெயர் இல்லாமல் போனால் நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு யார் வந்து நிற்பார்கள் என்றுதான் உங்கள் அம்மா அழுதிருப்பார். ஒன்று கேட்கிறேன், அவர்கள் கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களா? சாமி காசாச்சே என்று யோசித்திருப்பீர்கள். அதைத் தெரிந்துகொண்டே, கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் அசிங்கம் என்று தாண்டிப் போயிருக்கலாம்.

இயேசு தூசியை உதறச் சொன்னது சீஷர்கள் பன்னிரண்டு பேரை ஊர் ஊராக அனுப்பும்போது. சொந்தக்காரர்களிடம் அவர் அப்படி நடக்கவில்லை. புத்தி கெட்டுவிட்டது என்று அவரைப் பிடித்துப்போக வந்தார்கள் (மாற்கு 3), சகோதரர்களே நம்பவில்லை (யோவான் 7). அதே சகோதரர்கள் அப்போஸ்தலர் 1-இல் சீஷர்களோடு ஜெபத்தில் இருக்கிறார்கள், அவர்களில் யாக்கோபு எருசலேம் சபைக்கே தூணானார். அதனால் உதறாதீர்கள். பங்காளி வீட்டில் ஓர் எழவு என்றால் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.

இப்போது உங்கள் வசனத்துக்கு வருகிறேன். லூக்கா 4-இல் அது 24-ஆம் வசனம். தினதியானம் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடும், நமக்கும் அது வசதி, ஏனென்றால் அங்கே நிறுத்தினால் நாம்தான் தீர்க்கதரிசி. அடுத்த மூன்று வசனங்களையும் படியுங்கள். பஞ்சத்தில் இஸ்ரவேலில் எத்தனையோ விதவைகள் இருந்தும் தீர்க்கதரிசி எலியா போனது சீதோன் நாட்டுச் சாறிபாத்துக்கு, எத்தனையோ குஷ்டரோகிகள் இருந்தும் சுத்தமானது சீரியனாகிய நாகமான் என்கிறார் இயேசு. கொஞ்ச நேரம் முன்னால் வாய்பிளந்து கேட்ட அவருடைய சொந்த ஊர்க்காரர்கள் இதைக் கேட்டதும்தான் கோபம் தலைக்கேறி அவரை மலைவிளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தங்களுக்கு ஆகாதவனையும் கடவுள் சேர்த்துக்கொண்டார் என்பதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

நம் சபைகளுக்கு இது பழைய வியாதி. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே விட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். வேதத்தை விட்டுவிடலாம், பந்தியை விட முடியாது!

அதனால்தான் உங்கள் கடிதத்தில் வரியைவிடக் கடைசியில் போகிற போக்கில் எழுதியது என்னை உறுத்துகிறது. பழகிவிட்டது என்று அவர்கள் சொன்னார்களா, நீங்களாகச் சொல்கிறீர்களா? வரி விஷயத்தில் உங்கள் அம்மாவுக்குப் பழகிவிட்டதா? இந்த ஞாயிறு முதல் பந்தியில் உட்காராமல் கடைசிப் பந்தியில் அவர்கள் பக்கத்தில் இலை போட்டு உட்காருங்கள். சங்கடப்பட்டு எழுந்துகொள்ளப் பார்ப்பார்கள், விடாதீர்கள். சபைப் பெரியவர்கள் ஏதாவது கேட்டால் லூக்கா 4-ஐ 24-ஓடு நிறுத்தாமல் 30 வரைக்கும் படித்துக் காட்டுங்கள்.