நாலு காது ஆடு

கேள்வி: பழைய தேவாலய ஓவியங்களை எக்ஸ்ரே எடுத்து, அடியில் மறைந்திருக்கும் படத்தைக் கண்டுபிடிக்கிறார்களாமே? பெயின்ட்டுக்குள் எலும்பா இருக்கிறது?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: எலும்பை விடக் கெட்டியான சங்கதி இருக்கிறது அம்மா, ஈயம். ஓய்வு பெறும்வரை எக்ஸ்ரே அறையில் இருந்தவன் என்று ஆசிரியர் இந்தக் கேள்வியை என் பக்கம் தள்ளிவிட்டார். சந்தோஷம்தான்.

அந்தக் காலத்து ஐரோப்பிய ஓவியர்கள் பூசிய வெள்ளை, ஈய வெள்ளை. எலும்பிலுள்ள கால்சியத்தின் அணு எண் 20, ஈயத்துக்கு 82. அணு எண் கூடக் கூடக் கதிரை அதிகம் மறிக்கும், அதனால் ஈயம் படத்தில் பளிச்சென்று விழும். கரிக் கருப்பும் அவுரி நீலமும் தடமே காட்டாது.

பெல்ஜியத்தில் கென்ட் நகரத்துப் புனித பாவோ பேராலயத்தில் ஒரு பீட ஓவியம் உண்டு. வான் ஐக் சகோதரர்கள் ஓக் பலகைகளில் தீட்டி 1432-ல் முடிந்தது. நடுவே பலிபீடத்தின் மேல் இறைவனின் செம்மறி, அதாவது பலியான இயேசுவின் அடையாளம். 16-ம் நூற்றாண்டில் அதன்மேல் வேறு கை புது முகம் வரைந்துவிட்டது. 1950-51-ல் சுத்தம் செய்தபோது பழைய காதுகள் வெளியே வந்தன, புதுக் காதுகளும் போகவில்லை. அப்புறம் பல காலம் நாலு காதோடுதான் நின்றது பாவம்.

ஓவியத்தை எக்ஸ்ரே எடுப்பது சுலபம், "மூச்சை அடக்குங்க" என்று கத்த வேண்டாம். ஆனால் மேல் அடுக்கு, கீழ் அடுக்கு, பலகையின் ரேகை எல்லாம் ஒரே படத்தில் கலந்து விழும். அதனால் 2012-ல் தொடங்கிய புதுப்பிப்பில் இன்னொரு முறையும் சேர்ந்தது. கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் ஒரு கதிரை வெளிவிடும். புள்ளி புள்ளியாக வருடினால் ஈயம் எங்கே, சாதிலிங்கச் சிவப்பின் பாதரசம் எங்கே, பச்சையின் தாமிரம் எங்கே என்று தனித்தனி வரைபடம் கிடைக்கும். அசல் முகம் அடியில் பெரும்பாலும் நல்லபடியாக இருந்ததால்தான் மேல்பூச்சில் கை வைத்தார்கள். நுண்ணோக்கி வழியே பார்த்து, சிறு கத்தியால் சுரண்டி எடுத்தார்கள்.

வெளிவந்த ஆட்டுக்கு மனிதரைப் போல நெருங்கிய கண்கள், நேர்ப்பார்வை. 2020-ல் இணையத்தில் ஒரே கேலி. எனக்கென்னவோ இதுதான் பிடித்திருக்கிறது. மேலே இருந்தது வெறும் ஆடு. வான் ஐக் வரைந்தது, பலியாகப் போவது தெரிந்தே நம்மைப் பார்க்கிற ஆடு.